எல்லை தாண்டும் எலும்புகள்

சுட்ட மானை வீட்டுக்குக் கொண்டுபோவது அமெரிக்காவில் இன்று ஏன் இத்தனை சிக்கலான காரியம்?

அக்டோபர் மாத அந்திப்பொழுது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், லாரமி சிகரத்தை ஒட்டிய புதர்மண்டிய மேட்டுநிலம். பிக்கப் வண்டியின் பின்கதவைக் கீழே இறக்கி, அதன்மேல் ஒரு மியூல் மானைக் கிடத்தியிருக்கிறார்கள். தோல் உரித்தாயிற்று. பின்தொடைகள் இரண்டையும் மூட்டோடு கழற்றித் துணிப்பைகளில் போட்டாயிற்று. இப்போது முதுகெலும்பை ஒட்டிக் கத்தி மெல்ல இறங்குகிறது. கழுத்திலிருந்து இடுப்புவரை ஓடும் கறி நீளமாகக் கழன்று வருகிறது. குளிரில் விரல்கள் மரத்துப்போக, நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் வேலை நடக்கிறது.

கத்தி பிடித்திருப்பவர் கறிக்கடைக்காரர் இல்லை. பென்சில்வேனியாவிலிருந்து ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்த வேட்டைக்காரர். அவருடைய அப்பா காலத்தில் குடலை மட்டும் எடுத்துவிட்டு, மானை அப்படியே வண்டியில் ஏற்றிக் கட்டிவிடுவார்கள். ஊர் போய்ச் சேர்ந்து நிதானமாக வெட்டிக்கொள்ளலாம். வழியில் பெட்ரோல் பங்கில் நின்றால் நாலு பேர் கூடிக் கொம்பின் கிளைகளை எண்ணிப் பார்ப்பார்கள். இன்று அப்படிப் போனால் குற்றம். தலையும் தண்டுவடமும் ஒட்டியிருக்கும் மான் அவருடைய சொந்த மாநிலத்துக்குள் நுழையக் கூடாது.

இலையுதிர் காலத்தில் மேற்கு மாநிலங்களின் வேட்டைப் பகுதிகளில் எங்கும் காணக்கூடிய காட்சி இது. இதற்கெல்லாம் காரணம் 'சி.டபிள்யூ.டி.' என்று வேட்டைக்காரர்கள் சுருக்கமாகச் சொல்லும் மெலிவு நோய். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது, வந்த மான் பிழைத்ததும் கிடையாது. 35-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று அது இருக்கிறது. காட்டுக்குள் போய் மானுக்கு வைத்தியம் பார்க்க முடியாத அரசுகள், தங்கள் கைக்கு எட்டிய ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நெடுஞ்சாலையில் போகும் இறந்த மானைக் கட்டுப்படுத்துகின்றன.

இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு, உரிமம் வாங்கி மானைச் சுடுவதே விநோதமாகத் தோன்றலாம். அங்கே அது ஊரறிந்த வழக்கம். 2022-ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் வேட்டைக்குப் போனவர்கள் சுமார் 1.44 கோடிப் பேர். பல குடும்பங்களுக்கு ஒரு குளிர்காலத்துக் கறி முழுவதும் அந்த ஒரு மானிலிருந்துதான் வருகிறது.

சாகாத புரதம்

1967. கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில், ஆய்வுக்காக அடைத்து வளர்த்த மியூல் மான்கள் காரணம் தெரியாமல் மெலியத் தொடங்கின. தலை தொங்கியது, எச்சில் வழிந்தது, ஓயாமல் தண்ணீர் குடித்தன, பிறகு செத்தன. தீவனக் குறையோ, கூண்டில் அடைபட்ட ஏக்கமோ என்று பத்தாண்டுக்கு மேல் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எலிசபெத் வில்லியம்ஸ் என்ற இளம் கால்நடை நோயியலாளர் செத்த மான்களின் மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான், மூளை முழுக்கப் பஞ்சுபோல் ஓட்டை விழுந்திருப்பது தெரிந்தது. ஆடுகளுக்கு வரும் ஸ்க்ரேப்பி நோயின் குடும்பம் இது என்று 1970-களின் இறுதியில் அவர் கண்டறிந்தார். 1981-ல் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில், எல்க் எனப்படும் பெரிய மான் வகையைச் சேர்ந்த காட்டு மான் ஒன்று அதே நோயோடு அகப்பட்டது.

நோயைத் தருவது வைரஸும் அல்ல, பாக்டீரியாவும் அல்ல. பிரியான் எனப்படும், மடிப்பு பிசகிய புரதம். பிசகிய ஒன்று பக்கத்திலுள்ள நல்ல புரதத்தைத் தொட்டால் அதுவும் பிசகிவிடும். இந்தக் கருத்தை முன்வைத்து வருடக்கணக்கில் கண்டனங்களை எதிர்கொண்ட ஸ்டான்லி புரூசினருக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது. உயிர் இல்லாத பொருளை எப்படிக் கொல்வது? கொதிக்கவைத்தாலும் போகாது, ஃபார்மலினில் ஊறவைத்தாலும் போகாது, பனியில் உறைந்தாலும் ஒன்றும் ஆகாது.

மான் விஷயத்தில் இன்னொரு கெடுதலும் சேர்ந்துகொண்டது. மாட்டுக்கு வந்த பைத்திய நோயில் பிரியான் பெரும்பாலும் மூளையிலும் நரம்பிலும் தங்கியது. மானில் அது எச்சில், சிறுநீர், சாணம் எல்லாவற்றிலும் வெளியேறுகிறது. தொற்றிய மான் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வரை பார்வைக்கு நல்லபடியாகவே இருக்கும். மேயும், ஓடும், இணைசேரும், போகுமிடமெல்லாம் நோயை விதைக்கும். சுடப்பட்ட பின் சோதனையில் நோய் உறுதியாகும் மான்களில் பெரும்பாலானவை கொழுகொழுவென்று இருந்தவைதான். நல்ல மானைத்தானே சுட்டேன், அதன் எலும்பில் என்ன வந்தது என்று வேட்டைக்காரர் கேட்பது இதனால்தான்.

■ பெட்டிச் செய்தி: நோய் நடந்த வழி

1967: கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது.
1981: காட்டு எல்க்கில் முதல் கண்டுபிடிப்பு.
1996: கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்து எல்க் பண்ணை.
2001: தென்கொரியா. கனடாவிலிருந்து கப்பலேறிய எல்க்குகளின் மூலம்.
2002: விஸ்கான்சின். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே முதல் முறை.
2005: நியூயார்க், மேற்கு வர்ஜீனியா.
2016: நார்வேயின் காட்டு ரெயின்டீர். ஐரோப்பாவில் முதல் முறை.
2018: மிசிசிப்பி, டென்னசி மாநிலங்கள்.
2023: ஃபுளோரிடா.
2024: கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள்.
2025: ஜார்ஜியா.

மான் போகாத தூரம்

இந்தப் பட்டியலை ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், நோய் தரையில் ஊர்ந்து பரவிய இடங்களும் உண்டு, பெரும் இடைவெளியைத் தாண்டிக் குதித்த இடங்களும் உண்டு என்பது கண்ணுக்குத் தெரியும். கொலராடோவுக்கும் வயோமிங்குக்கும் இடையில் பரவியதை மானின் கால்களே செய்திருக்கும். தாயைப் பிரிந்து புது இடம் தேடும் இளங்கடா மான் சில பத்து கிலோமீட்டர் போகும். அது தெற்கு விஸ்கான்சினுக்கு நடந்து போயிருக்க வழியில்லை. நடுவில் பல நூறு கிலோமீட்டருக்கு நோயில்லாத மான்கூட்டங்கள் இருந்தன.

குதிப்புகளுக்குப் பின்னால் மனிதர் இருக்கிறார். அதில் இரண்டு வழிகளின் மீது சந்தேகம் வலுவாக விழுந்தது. ஒன்று, உயிருள்ள பண்ணை மான்களின் வியாபாரம். மற்றொன்று, வேட்டையாடிய மானின் தலையும் எலும்பும். நியூயார்க்கின் ஒனைடா கவுண்டியில் 2005-ல் நோய் கண்ட பண்ணை மான்களின் உரிமையாளர், மான் தலைகளைப் பாடம் செய்து தரும் தொழிலும் செய்துவந்தவர். வெளிமாநிலத்திலிருந்து வந்த தலைகளின் கழிவு அவருடைய மான்களுக்கு நோயைக் கொண்டுவந்திருக்கலாம் என்று விசாரணையாளர்கள் சந்தேகித்தார்கள். நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் சந்தேகத்துக்கு அடிப்படை இருந்தது.

அந்த அடிப்படை கொலராடோவில் நடந்த ஒரு சோதனை. மைக்கேல் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்டது. நோயில் செத்த மானின் உடல் கிடந்து மக்கிப்போன அடைப்புக்குள், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து நல்ல மான்களை விட்டார்கள். அங்கே மிஞ்சியிருந்தது எலும்பும், அதைச் சுற்றி முளைத்த புல்லும்தான். நல்ல மான்களில் சில நோய்வாய்ப்பட்டன. 2007-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். களிமண் துகளில் ஒட்டிய பிரியான் வாய்வழியே உள்ளே போனால் அதன் தொற்றும் திறன் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. உப்புக்காக மண்ணை நக்கும் பழக்கம் மானுக்கு உண்டு என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, பென்சில்வேனியாக்காரர் தன் மானை முழுதாக ஊருக்குக் கொண்டுபோய், கறியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் ஓடைக்கரையில் வீசினால் என்ன ஆகும்? அவர் தப்பாக எதையும் செய்ததாக நினைக்க மாட்டார். அவருடைய தாத்தாவும் அதைத்தான் செய்தார். காக்கையும் கயோட்டியும் ஒரு வாரத்தில் சுத்தம் செய்துவிடும். அந்த ஓடைக்கரை மண்ணில் மட்டும் வருடக்கணக்கில் ஒன்று தங்கிவிடும்.

■ பெட்டிச் செய்தி: எது போகலாம், எது போகக் கூடாது

மாநிலத்துக்கு மாநிலம் வாசகம் மாறினாலும், பொதுவாக அனுமதிப்பவை: எலும்பு நீக்கிய தனிக்கறி, முதுகெலும்போ தலையோ ஒட்டாத தொடையும் சப்பையும் (நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் இதையும் ஏற்பதில்லை, தனிக்கறி மட்டுமே), தலை நீக்கிய தோல், மூளைத்திசு துளியும் இல்லாமல் சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு கூடிய கொம்பு, சுத்தம் செய்த பற்கள், பாடம் செய்து முடித்த தலை.

தடை செய்பவை: மூளை, கண், தண்டுவடம், முதுகெலும்பு, உள்நாக்குச் சதை, நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல். இவை உள்ளே இருக்கும் எந்தப் பகுதியும், ஆகவே முழு மானும்.

ஒரே சாலை, ஏழு சட்டம்

வயோமிங்கிலிருந்து பென்சில்வேனியாவுக்கு நேர்வழி ஐ-80 நெடுஞ்சாலை. நெப்ராஸ்கா, அயோவா, இல்லினாய், இந்தியானா, ஒஹையோ என்று ஐந்து மாநிலங்கள் நடுவில் வரும். புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் சேர்த்தால் ஏழு. காட்டுவிலங்கு அமெரிக்காவில் மாநில அரசின் பொறுப்பு என்பதால், ஏழுக்கும் ஏழு தனி விதிப்புத்தகம். ஒரு மாநிலம் நோயுள்ள மாநிலங்களிலிருந்து வரும் மானை மட்டும் தடுக்கும். நியூயார்க்கைப் போன்றது 2019 முதல் எந்த வெளிமாநிலத்திலிருந்தும் முழு மான் வரக் கூடாது என்கிறது. ஒன்று, உரிமம் பெற்ற கறிவெட்டுக் கூடத்தில் 72 மணி நேரத்துக்குள் ஒப்படைத்தால் போதும் என்று விட்டுக்கொடுக்கும். மாநிலத்துக்கு உள்ளேயே நோய்ப்பகுதி என்று சில கவுண்டிகளைக் கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டவும் தடை விதிப்பது உண்டு. பென்சில்வேனியா அப்படித்தான். புதிதாக ஓர் ஊரில் நோய் தெரிந்ததும் கோடு இடம் மாறும். போன வருடம் சரியாக இருந்தது இந்த வருடம் குற்றமாகிவிடலாம்.

இதில் மத்திய அரசு நுழையும் வழி, 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம். அயோவாவைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஜான் லேசி கொண்டுவந்தது. பறவைகளையும் விலங்குகளையும் கள்ளத்தனமாகக் கொன்று மாநிலம் கடத்தி விற்றவர்களைப் பிடிக்க எழுதப்பட்டது. ஒரு மாநிலத்தின் விதியை மீறிய விலங்குப் பொருளை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் அது மத்தியக் குற்றமும் ஆகும் என்பது அதன் சாரம். மீறலின் தன்மையைப் பொறுத்துச் சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. கள்ளவேட்டைக்காரரைக் குறிவைத்துப் பிறந்த அந்தச் சட்டம், 120 ஆண்டுகள் கழித்து, உரிமக் கட்டணம் கட்டி, முத்திரைச்சீட்டு ஒட்டி, எல்லாம் சரியாகச் செய்து, ஒரு முதுகெலும்பை மட்டும் எடுக்க மறந்தவர் மேலும் பாயலாம்.

நடைமுறையில் இந்த விதி கேட்பது நேரத்தையும் கைத்திறனையும். வீட்டில் கொக்கியில் தொங்கவிட்டுச் செய்த வேலையைப் பனியிலும் இருட்டிலும் செய்யவேண்டும். கொம்பு வேண்டுமென்றால் மண்டையோட்டைக் குறுக்கே அறுத்து, மூளையைச் சுரண்டி எடுத்துக் கழுவ வேண்டும். தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்ட ஆசைப்பட்டால், காது, கண்ணிமை, உதடு கிழியாமல் முகத்தோலைத் தனியாக உரிக்க வேண்டும். அது எல்லாருக்கும் வரும் வேலை இல்லை. வராதவர்கள் உள்ளூர்த் தொழிலாளியிடம் தலையை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து கூரியரில் வாங்கிக்கொள்கிறார்கள். பயிற்சி இல்லாதவர் அவசரத்தில் தண்டுவடத்திலேயே ரம்பத்தை ஓட்டிவிடுவதும் உண்டு. எதை விலக்கவேண்டும் என்று விதி சொல்கிறதோ, அதையே கறி முழுவதும் தெளித்த கதையாகிவிடும்.

மிச்சத்தை எங்கே போடுவது?

விதிப்புத்தகங்களைப் படிக்கும்போது எனக்கு உறுத்திய இடம் இது. எதைக் கொண்டுவரக் கூடாது என்பதற்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கொண்டுவராமல் விட்டதை எங்கே போடுவது என்பதற்குப் பல இடங்களில் இரண்டு வரிதான்.

சுட்ட இடத்திலேயே விடுவது ஒரு வழி. மான் அங்கேதான் வாழ்ந்தது, நோய் இருந்தால் அந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கும், புதிதாக எந்த ஊருக்கும் போகாது. ஆனால் வண்டிவரை இழுத்து வந்து, தங்கும் விடுதியின் வாசலில் வெட்டியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அடுத்தது, அடியில் தடுப்புவிரிப்பு போட்டுக் கட்டிய நவீன குப்பைக் கிடங்கு. அது வேட்டைக்காட்டிலிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். வேட்டைக்காரர் ஊருக்குத் திரும்புவதோ ஞாயிற்றுக்கிழமை. எரிப்பதென்றால் சாதாரண அடுப்பு போதாது. மருத்துவக் கழிவுகளை எரிக்கும் உலைகளின் வெப்பம் வேண்டும். காரக்கரைசலில் கரைக்கும் தொட்டிகள் சில ஆய்வகங்களில்தான் உண்டு.

விஸ்கான்சின் இதில் எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. வேட்டைப் பகுதிச் சாலையோரங்களில் பெரிய குப்பைத்தொட்டிகளை வைத்து, அவற்றின் செலவை ஊர்க்காரர்களும் வேட்டைச் சங்கங்களும் கடைக்காரர்களும் ஏற்கும் திட்டம். தொட்டி நிறைந்தால் நேரே கிடங்குக்குப் போகும். சோதனைக்காகத் தலையைப் போட்டுவிட்டுப் போகும் கூண்டுகளும் அதே முறையில் இயங்குகின்றன. தலையைப் பையில் கட்டி, சீட்டில் எண்ணை எழுதி உள்ளே வைத்தால், பணியாளர்கள் வந்து தொண்டையிலுள்ள நிணநீர்க் கணுவை வெட்டியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மொன்டானாவோ, கறி எங்கே போகிறது என்பதைவிட மிச்சம் எங்கே போய்ச் சேருகிறது என்பதே முக்கியம் என்று தன் விதியைத் திருத்திக்கொண்டது. எங்கிருந்து வந்த மானாக இருந்தாலும் அதன் கழிவு முறையான கிடங்குக்குத்தான் போகவேண்டும்.

மொன்டானாவின் யோசனை எனக்குச் சரியாகப் படுகிறது. எல்லையில் நிற்கும் வனக்காவலர் எத்தனை வண்டியைத் திறந்து பார்க்க முடியும்? நவம்பர் மாதத்து விஸ்கான்சினில் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்துக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் காட்டுக்குப் போகிறார்கள். பக்கத்து மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே வார இறுதியில் திரும்புகிறார்கள். அத்தனை பேரையும் மறித்துப் பார்க்க ஆளில்லை. ஆனால் கண்ணில் படும் தூரத்தில் ஒரு தொட்டி இருந்தால், பத்தில் ஒன்பது பேர் அதில்தான் போடுவார்கள்.

உயிரோடு போன மான்கள்

இந்த விதிகளின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதையும் பேசவேண்டும். செத்த மானின் எலும்புக்கு இத்தனை கெடுபிடி. உயிருள்ள மானை லாரியில் ஏற்றி விற்ற வியாபாரம் பல்லாண்டுகள் எந்தத் தடையும் இல்லாமல் நடந்தது. தெற்கு டகோட்டாவிலிருந்து வாங்கிய எல்க்குகளோடுதான் நோய் கனடாவின் பண்ணைகளுக்குள் நுழைந்தது. அங்கிருந்து கடல் தாண்டிக் கொரியாவுக்குப் போனதும் உயிருள்ள எல்க்தான். டெக்சாஸில் கிளைத்துப் பரந்த கொம்புக்காகவே வெள்ளைவால் மான்களை இனம்பெருக்கி, வேலி போட்ட வேட்டைப் பண்ணைகளுக்கு ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள். 2015-ல் அங்கே மெடினா கவுண்டியின் ஒரு பண்ணையில் நோய் வெளிப்பட்டபோது, அந்தப் பண்ணை யார் யாருக்கு மான் விற்றது என்ற பட்டியலைத் தேடி அதிகாரிகள் மாநிலம் முழுக்க ஓடவேண்டியிருந்தது.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் பண்ணை மான்களுக்கு மத்திய வேளாண்துறையின் சான்றிதழ்த் திட்டம் வந்தது 2012-ல். அதற்கு ஏறக்குறைய மூன்றரைப் பத்தாண்டுகளுக்கு முன்பே நோய் இன்னதென்று தெரிந்திருந்தது. சான்றிதழ் பெற்ற மந்தைகளிலும் பிறகு நோய் தென்பட்டது, ஏனென்றால் உயிருள்ள மானைச் சோதித்து உறுதியாகச் சொல்லும் எளிய முறை இன்னும் நடைமுறையில் இல்லை. மின்னசோட்டாவின் பெல்ட்ராமி கவுண்டியில், நோய் கண்ட ஒரு பண்ணையின் மான் எச்சங்கள் அருகிலிருந்த பொதுநிலத்தில் கொட்டப்பட்டிருந்ததை 2021-ல் கண்டுபிடித்தார்கள். காட்டு மான்கள் நெருங்காமல் இருக்க அந்த நிலத்தைச் சுற்றி அரசு வேலி போட்டது. எத்தனை ஆண்டுகளுக்கு அந்த வேலி நிற்கவேண்டியிருக்கும் என்பதை மண் அல்லவா தீர்மானிக்கும்?

வேட்டைக்காரரின் ஒரு முதுகெலும்பை நியாயமாகவே தடுக்கும் சட்டம், லாரி நிறைய உயிர்மான்களுக்கு அதே கடுமையைக் காட்டியிருந்தால் வரைபடத்தில் புள்ளிகள் குறைந்திருக்கும். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

தட்டில் விழும் சந்தேகம்

மனிதருக்கு இந்த நோய் வந்ததாக இன்றுவரை ஒரு நிகழ்வும் பதிவாகவில்லை. முதலில் சொல்லவேண்டியது அது. 'ஜாம்பி மான்' என்று தலைப்புப் போடும் பத்திரிகைகள் அதைக் கடைசியில்தான் சொல்கின்றன. மொன்டானாவில் உள்ள ராக்கி மவுண்டன் ஆய்வகத்தில் குரங்குகளுக்கு நோயுற்ற மானின் மூளைத்திசுவைச் செலுத்தி, 13 ஆண்டுகள்வரை கவனித்தார்கள். நோய் தாவியதற்கான சான்று கிடைக்கவில்லை என்று 2018-ல் அறிவித்தார்கள். ஒனைடா கவுண்டியில் 2005-ல் தீயணைப்புச் சங்கம் ஒன்றின் விருந்தில் பரிமாறிய மான்கறி நோயுற்றது என்று பிறகு தெரியவந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய எண்பது பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்ததிலும் நோயின் அடையாளம் தென்படவில்லை.

ஆனாலும் பொதுச்சுகாதாரத் துறையினர் நிம்மதியாக இல்லை, காரணம் பிரிட்டன். மாட்டுப் பைத்திய நோய் அங்கே 1986-ல் அடையாளம் காணப்பட்டது. மனிதருக்கு வராது என்று அமைச்சர்கள் உறுதி சொன்னார்கள். 1995-ல் இளைஞர்கள் சாகத் தொடங்கினார்கள். ஆகவே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் தன் அறிவுரையை மாற்றவில்லை. நோயுள்ள பகுதியில் சுட்ட மானைச் சோதித்துப் பார், நோய் உறுதியானால் சாப்பிடாதே. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான இடங்களில் சோதனை கட்டாயமில்லை. முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் கறி பல வீடுகளுக்குப் பங்கிட்டுப் போயிருக்கும். கறிவெட்டுக் கூடங்களில் பல மான்களின் கறியை ஒன்றாக அரைத்து சாசேஜ் செய்யும் வழக்கமும் உண்டு. வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்குத் தானம் தரும் கறியும் இந்தச் சங்கிலியில்தான் வருகிறது. வாங்கித் தின்ன வழியில்லாதவர் தட்டில் சோதிக்காத கறி விழுவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

■ பெட்டிச் செய்தி: யாராவது மான்கறி தந்தால்

அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்களில் பலருக்கு அலுவலக நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ மான்கறி தருவது வழக்கம். தயங்காமல் கேளுங்கள்: எந்த மாநிலம், எந்தக் கவுண்டியில் சுட்டது? சோதனை செய்தார்களா, முடிவு வந்துவிட்டதா? கூடத்தில் வெட்டியிருந்தால் தனி மானாக வெட்டியதா, பல மான் கறியோடு கலந்ததா? முடிவு வரும்வரை ஃப்ரீசரில் வைத்திருக்கலாம். நன்றாக வேகவைத்தால் போய்விடும் என்ற எண்ணம் வேண்டாம், பிரியான் வேகாது. கத்தி, வெட்டும் பலகையைச் சுத்தம் செய்ய: வீட்டு பிளீச் இரண்டு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, இறைச்சித் துணுக்கு ஒன்றும் இல்லாமல் கழுவிய எஃகுக் கருவியை ஐந்து நிமிடம் ஊறவைத்தால் மேற்பரப்பிலுள்ள பிரியான் செயலிழக்கும். மரப்பலகைக்கு இது பலன் தராது.

காடு தாங்குமா?

லாரமி சிகரத்தை ஒட்டிய கான்வெர்ஸ் கவுண்டியில், வயோமிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மான்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பல்லாண்டு பின்தொடர்ந்தார்கள். 2016-ல் வந்த முடிவு: அங்குள்ள வெள்ளைவால் மான்கூட்டம் ஆண்டுக்கு 10 சதவீதம் குறைந்துவருகிறது. அடுத்த ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, அதே வட்டாரத்தின் மியூல் மான்கள் ஆண்டுக்கு 21 சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டது. நோய் வந்த புதிதில் எதுவும் தெரியாது. ஒரு தலைமுறை கழித்துத்தான் காடு காலியாவது கண்ணுக்குத் தெரியும்.

மான் குறைந்தால் வேட்டைக்காரர் குறைவார். அமெரிக்கக் காடுகளின் வரவுசெலவு அவர்கள் கையில்தான் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. அதோடு உரிமக் கட்டணமும் சேரும். அந்தப் பணத்தில்தான் கழுகுக்கும் ஆமைக்கும் சதுப்புநிலத்துக்கும் வேலை நடக்கிறது. 2002-ல் விஸ்கான்சினில் நோய் தெரிந்த முதல் பருவத்திலேயே உரிம விற்பனை ஏறக்குறைய 10 சதவீதம் சரிந்தது. நோயை ஒழிக்க ஒரு பெரும்பகுதியில் எல்லா மான்களையும் சுட்டுவிட அரசு திட்டமிட்டது. நிலத்துக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. இன்று அந்த மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் சோதிக்கும் முதிர்ந்த கடா மான்களில் பெரும்பங்கு நோயோடு இருக்கிறது.

நார்வே அதைவிடக் கடுமையாக நடந்துகொண்டது. 2016-ல் நோய் கண்டதும், நூர்ட்ஃபியெல்லா மலைப்பகுதியின் ஒரு மண்டலத்திலிருந்த 2,000-க்கும் மேற்பட்ட ரெயின்டீர்களை ஒன்றுவிடாமல் கொன்று, அந்த மேய்ச்சல் நிலத்தை ஆண்டுக்கணக்கில் தரிசாகப் போட்டார்கள். நாடே துணைநின்று செய்த வேலை. 2020-ல் பக்கத்திலுள்ள ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் நோயுள்ள ரெயின்டீர் ஒன்று அகப்பட்டது.

பணம் வந்திருக்கிறது, எங்கே போகும்?

2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த நோய்க்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2028 வரை ஆண்டுக்கு 7 கோடி டாலர் செலவிட அது வழிவகுக்கிறது. ஆய்வுக்குப் பாதி, மாநிலங்களுக்கும் பழங்குடி நிர்வாகங்களுக்கும் பாதி. சட்டத்தில் எழுதிய தொகை ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவில் ஒதுக்கப்பட்டால்தான் கைக்கு வரும்.

மாநிலங்களின் பாதியில் ஒரு பங்கு எச்சரிக்கைப் பலகைகளுக்கும் விளம்பரத் தாள்களுக்கும் போகும், போகட்டும். ஆனால் ஐ-80 போன்ற சாலைகளின் வேட்டைப் பகுதி வாசல்களில் கழிவுத் தொட்டியும் சோதனைக் கூண்டும் வைக்கவே முதல் டாலர் போகவேண்டும் என்பேன். ஆய்வக முடிவு இரண்டு வாரத்திலிருந்து மூன்று நாளுக்குக் குறையவேண்டும். ஊர் திரும்புமுன் முடிவு தெரிந்த வேட்டைக்காரருக்கு, நோயுள்ள கறியை ஏற்றிக்கொண்டு ஏழு மாநிலம் கடக்கும் எண்ணமே வராது. ஐம்பது மாநிலங்களின் வனத்துறைகளும் கூடிப் பேச ஏற்கெனவே சங்கம் இருக்கிறது. எதைக் கொண்டுபோகலாம் என்பதற்கு ஒரே பட்டியல், ஒரே வாசகம் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள எந்த மத்தியச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. உயிர்மான் வியாபாரத்துக்கும் அதே பட்டியலில் இடம் உண்டு, உயிருள்ள மானைச் சோதிக்க நம்பகமான முறை வரும்வரை அது தடைசெய்யப்பட்டவற்றின் வரிசையில் இருக்கவேண்டும். கொம்பு மான் வளர்ப்பவர்கள் இதை எதிர்ப்பார்கள். டெக்சாஸில் அவர்கள் ஏற்கெனவே நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள்.